தவறாக ராவிய ஒரு ரீட்டோடு விற்ற கான்செர்டினா

போன மாதம் என் மேசையிலிருந்து ஒரு பழைய கான்செர்டினா கிளம்பிப் போனது. பதினொரு மாதம் அதோடேயே கிடந்தேன், அதனால் அது இருந்த இடம் இன்னும் வெறிச்சென்று இருக்கிறது. வாங்கியவர் என்னைப் போலவே இந்தக் கருவியில் கிறுக்குப் பிடித்தவர், வயதிலும் அனுபவத்திலும் என்னைவிட மூத்தவர். விற்றதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பழுது பார்த்ததைச் சொல்லாமல் அது புரியாது, ஏனென்றால் நடுவில் நான் ஒரு தப்பு செய்தேன், கருவியை விற்றபோது அந்தத் தப்பையும் சேர்த்துத்தான் விற்க வேண்டியிருந்தது.

கான்செர்டினாவைப் பார்க்காதவர்களுக்கு: இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு சின்ன அறுகோணப் பெட்டி, நடுவில் தோல் துருத்தி, இரண்டு முகத்திலும் பொத்தான்கள். ஹார்மோனியத்தைப் போலவே காற்று பட்டு ரீட் என்னும் உலோக நாக்கு அதிர்ந்துதான் ஒலி வருகிறது. பள்ளி இயற்பியலில் வீட்ஸ்டோன் சமனச்சுற்று என்று ஒன்று படித்திருப்போமே, அந்தப் பெயருக்குரிய சார்லஸ் வீட்ஸ்டோன்தான் இதையும் உருவாக்கியவர். அவர் குடும்பமே லண்டனில் இசைக்கருவித் தொழிலில் இருந்தது. 1829இல் ஒரு காப்புரிமை, 1844இல் மேம்படுத்திய வடிவத்துக்கு இன்னொன்று. என்னுடையது 48 பொத்தான் உள்ள இங்கிலீஷ் வகை. இந்த வகையில் துருத்தியை இழுத்தாலும் தள்ளினாலும் ஒரு பொத்தானில் ஒரே சுரம்தான் வரும், ஆங்கிலோ வகையில் இரண்டும் வேறு வேறு. இழுப்பதற்கு ஒரு ரீட், தள்ளுவதற்கு ஒரு ரீட் என்று பொத்தானுக்கு இரண்டு, ஆக மொத்தம் 96 ரீட்.

என் கைக்கு வந்தபோது அதன் நிலைமை பரிதாபம். துருத்தியின் மடிப்புகள் விறைத்துப்போய், மூலைத் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்து, பாதிப் பொத்தான்கள் உள்ளே போனவை வெளியே வராமல் கிடந்தன. ஆனால் முகப்பின் நீள்வட்டத்தில் வீட்ஸ்டோனின் 20, காண்டூயிட் தெரு முகவரியோடு பழைய லேபிள் அப்படியே இருந்தது, உள்ளே எண்ணும் தெளிவாக இருந்தது. அந்தக் கடையின் பழைய விற்பனைப் பேரேடுகள் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, படமெடுத்து எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். எண்ணை வைத்துத் தேடினேன். 1850களின் நடுவில் ஒரு நாள், ஒரு பெண்மணியின் பெயருக்கு எதிரே அந்த எண் மையில் எழுதியிருந்தது. அன்று ராத்திரி வேலை எதுவும் ஓடவில்லை. அந்தப் பக்கத்தையும் மேசையில் கிடந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிரிப்பதற்கு முன் ஒரு அட்டையில் அறுகோணம் வரைந்து ஆறு மூலையிலும் ஓட்டை போட்டு வைத்தேன், இரண்டு பக்கத்துக்கும் இரண்டு அட்டை. முகப்பைப் பிடித்திருக்கும் நீளத் திருகுகள் பக்கத்துக்கு ஆறு, எந்தத் திருகு எந்த மூலையிலிருந்து வந்ததோ அதே மூலைக்குத்தான் திரும்பப் போக வேண்டும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு திருகையும் அதனதன் பித்தளைத் துளைக்கு ஏற்றபடி கையால் பொருத்தியிருக்கிறார்கள், மாற்றிப் போட்டால் ஒன்று இறுகாது, இல்லை என்றால் துளையின் மரையைத் தின்றுவிடும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கெடுப்பது இதைத்தான்.

துருத்தி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது பொறுமை வேலை, ரகசியம் ஒன்றும் இல்லை. இருட்டறையில் உள்ளே ஒரு சின்ன விளக்கை விட்டுப் பார்த்தால் எங்கெங்கே ஓட்டை என்று நட்சத்திரம் மாதிரி தெரியும். மிக மெல்லிதாகச் சீவிய ஆட்டுத்தோலில் மூலைத் துண்டுகள் வெட்டி ஒட்டினேன். பசை விஷயத்தில் மட்டும் எனக்குப் பிடிவாதம் உண்டு: மரத்துக்கு வஜ்ஜிரம், தோலுக்கும் காகிதத்துக்கும் மாவுப் பசை. நாளைக்கு இன்னொருவர் பிரிக்க நினைத்தால் ஈரமும் வெதுவெதுப்பும் காட்டினால் அது விட்டுக்கொடுக்கும், நவீனப் பசைகள் மரத்தையே பிய்த்துக்கொண்டுதான் வரும். வேலை தொடங்குமுன் ஒரு முகப்பைப் பிடித்துத் தொங்கவிட்டபோது பொத்தான் எதையும் அமுக்காமலேயே மறுமுகப்பு மூன்று விநாடியில் கீழே இறங்கியது. முடிந்தபோது நிதானமாக இருபதைத் தாண்டியது.

பேட் 48, வால்வு 96. பேட் என்பது அட்டை, ஃபெல்ட், மெல்லிய தோல் மூன்றையும் அடுக்கி ஒட்டி வட்டமாக வெட்டியது, பொத்தானை அமுக்கினால் காற்றுத் துளையிலிருந்து எழும்பும். வால்வு என்பது ஒவ்வொரு ரீட்டின் மறுபக்கமும் ஒரு முனையில் மட்டும் ஒட்டியிருக்கும் தோல் கீற்று, காற்று தப்பான திசையில் போனால் மூடிக்கொள்ளும். பழைய வால்வுகள் சுருண்டு போயிருந்தன, எல்லாவற்றையும் மாற்றினேன். கழற்றியதை எறியவில்லை, சுரத்தின் பெயர் எழுதிய உறைகளில் போட்டு வைத்தேன். ஸ்பிரிங்கில் மூன்றுதான் ஒடிந்திருந்தன, அந்த மூன்றை மட்டும் பித்தளைக் கம்பியில் சுற்றிப் போட்டேன். பொத்தான்கள் தந்தமா எலும்பா என்று உருப்பெருக்கியில் பார்த்தேன், விற்கப் போகிற பொருளில் இது சாதாரணக் கேள்வி இல்லை, தந்தம் என்றால் பல நாடுகளில் சட்டம் குறுக்கே வரும். எலும்பில் பொடிப்பொடியாகக் கருத்த புள்ளிகளும் கீறல்களும் தெரியும், தந்தத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் நுண்கோடுகள் தெரியும். இதில் புள்ளிகள்தான். நிம்மதி.

அப்புறம் சுருதி. இங்கேதான் நான் சறுக்கினேன்.

ரீட் எல்லாம் பித்தளை. எஃகு ரீட்டைப் போல உரக்கப் பேசாது, ஆனால் அதன் குரலில் ஒரு மென்மை இருக்கிறது, அது எஃகில் வராது. இன்று ஏ என்ற சுரத்தை விநாடிக்கு 440 அதிர்வுக்கு வைப்பதுதான் வழக்கம், கருவி முழுவதும் அதைவிட உயரத்தில் இருந்தது, ஏறத்தாழ 452. இது எனக்கு ஆச்சரியம் இல்லை, 19ஆம் நூற்றாண்டு லண்டனில் அந்த உயரச் சுருதிதான் புழக்கத்தில் இருந்தது, இந்தக் காலத்துக் கருவிகள் பல அப்படித்தான் கைக்கு வரும். அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு செண்ட். 440க்கும் 452க்கும் இடையே 47 செண்ட், அதாவது கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி. 96 ரீட்டையும் அவ்வளவு கீழே இறக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் நன்றாகச் சுரண்ட வேண்டும், சுரண்டியது திரும்பி வராது. அதனால் சுருதியின் உயரத்தைத் தொடுவதில்லை, வாங்குகிறவர் முடிவு செய்யட்டும் என்று தீர்மானித்தேன். அந்த முடிவு சரி. அடுத்த முடிவுதான் அவசரப்பட்டது.

ட்யூனரை 452க்கு வைத்துவிட்டு ஒவ்வொரு ரீட்டாகக் குறித்துக்கொண்டு வந்தேன். டி ஷார்ப் 20 செண்ட் கீழே. ஈ ஃப்ளாட் 20 செண்ட் மேலே. பியானோவில் இரண்டும் ஒரே கட்டை, இந்தக் கருவியில் இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: நூற்று எழுபது வருஷத்தில் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்துவிட்டன, ஒரே சுரத்துக்கு இழுத்து வர வேண்டும். துருத்தியைப் பார்த்த பக்கத்தில் இருந்த டி ஷார்ப் ரீட்டை, அதாவது தள்ளும்போது பேசுவதை, எடுத்தேன். நாக்கின் அடியில் மெல்லிய தகடு ஒன்றைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, நுனிக்குப் பக்கத்தில் சின்ன அரத்தால் நீளவாக்கில் ராவினேன். நுனியில் எடை குறைந்தால் சுருதி ஏறும், அடியில் தடிமன் குறைந்தால் இறங்கும், விதி அவ்வளவுதான். நாலு இழுப்பு, சோதனை, மறுபடி மூன்று இழுப்பு. 20 செண்ட் ஏறி நேராக வந்து நின்றது. திருப்தியாகத்தான் இருந்தது.

அடுத்து அதன் ஜோடி, இழுக்கும்போது பேசும் ரீட். அதுவும் சரியாக 20 கீழே. மேல் ஸ்தாயி டி ஷார்ப், அதுவும் 19, 20. கையிலிருந்த அரத்தை மேசையில் வைத்தேன். தானாக நகர்ந்த ரீட்கள் இப்படி ஒரே அளவில் வரிசையாக நிற்காது, ஒன்று அஞ்சு நகரும், ஒன்று பதினைந்து நகரும். ஜி ஷார்ப்பும் ஏ ஃப்ளாட்டும் பார்த்தேன். ஜி ஷார்ப் 17 கீழே, ஏ ஃப்ளாட் 24 மேலே, மூன்று ஸ்தாயியிலும் அதே கணக்கு.

அப்போது செய்தது இதுதான்: ஈயையும் ஜி ஷார்ப்பையும் சேர்த்து அமுக்கி மெதுவாக இழுத்தேன். சுருதி சேராதபோது கேட்கும் அலை அடிக்கவில்லை. இரண்டு ஒலியும் ஒன்றாகப் படிந்து, கண்ணாடிக் குவளையின் விளிம்பில் ஈர விரலை ஓட்டினால் வருமே, அந்த மாதிரி சுத்தமாக நின்றது. ஜி ஷார்ப்பை விட்டுவிட்டு ஏ ஃப்ளாட்டை அமுக்கினேன், உடனே படபடவென்று அடித்துக்கொண்டது. திரும்ப ஏ ஃப்ளாட்டையும் சியையும் சேர்த்தேன், அங்கே ஏ ஃப்ளாட்தான் சுத்தம். எதுவும் நகரவில்லை. செய்தவர்கள் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆரம்ப கால இங்கிலீஷ் கான்செர்டினாக்கள், ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும் இன்றைய சம இடைவெளிச் சுருதியில் இல்லை, மூன்றாம் சுரம் சுத்தமாகச் சேரும்படி அமைத்த பழைய முறையில் இருந்தன. அதனால்தான் ஸ்தாயிக்கு 12 அல்ல, 14 பொத்தான். டி ஷார்ப் வேறு, ஈ ஃப்ளாட் வேறு, எந்த ஸ்வரக்கூட்டத்துக்கு எது வேண்டுமோ அதை வாசிப்பவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இதை நான் படித்திருக்கிறேன். பல வருஷம் முன்பே படித்திருக்கிறேன். ஆனால் கைக்கு வந்த கருவிகள் எல்லாம் பின்னாளில் யாரோ சம சுருதிக்கு ராவியவையாகவே இருந்ததால், படித்தது ஒரு பக்கம் கிடந்தது, கை அதன் பழக்கத்துக்கு வேலை செய்துவிட்டது.

அடியில் சுரண்டி அந்த ஒரு ரீட்டை மறுபடி 20 செண்ட் இறக்கினேன். சுருதி திரும்பியது. ஆனால் நாக்கில் இரண்டு இடத்தில் புதுப் பித்தளை பளிச்சென்று மின்னியது, பக்கத்து நாக்குகள் எல்லாம் தேன் நிறத்தில் மங்கியிருக்க இது மட்டும் பச்சைக் காயம் மாதிரி. காலப்போக்கில் மங்கும், சாயம் வைத்தும் மங்கச் செய்யலாம். மங்கச் செய்தால் யாருக்கும் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். செய்யவில்லை. மற்ற ரீட்களில் அழுக்கை மட்டும் எடுத்தேன். உண்மையிலேயே நகர்ந்திருந்த ஒன்பது ரீட்டை மட்டும் ஜோடியோடு சேர்த்தேன், ஒவ்வொன்றும் எத்தனை செண்ட் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

விற்க நினைத்ததற்குக் காரணம் எளிது. நான் வாசிப்பது மற்றவர்களோடு சேர்ந்து, அங்கே 452 உதவாது. அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்கா இவ்வளவு பாடுபட்டது? தெரிந்த வட்டத்தில் ஒருவரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன், அவர் வழியாக இதை வாங்கியவருக்குப் போனது. தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்திருந்தது. "தம்பி, என்னென்ன மாத்தினீங்கன்னு அப்புறம் கேக்கிறேன். எதை எல்லாம் மாத்தாம விட்டீங்க?"

அவர் வருவதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன், மூடிய பெட்டியை வாசித்துக் காட்டி விற்கப் போவதில்லை. வந்ததும் வாசிக்கச் சொன்னேன், அரை மணி நேரம் வாசித்தார். வாசித்தார் என்பதைவிட விசாரித்தார் என்று சொல்லலாம். ஒவ்வொரு பொத்தானையும் மூச்சு விடுவதுபோல அவ்வளவு மெதுவாக இழுத்து, எந்தக் காற்றில் ரீட் வாய் திறக்கிறது என்று பார்த்தார், அதே பொத்தானைத் தள்ளி இரண்டும் ஒரே சமயத்தில் திறக்கிறதா என்று பார்த்தார். பொத்தான் எதையும் தொடாமல் துருத்தியை அழுத்திக் காதருகே வைத்து எங்காவது சீறுகிறதா என்று கேட்டார். இதை எல்லாம் நானும் செய்திருக்கிறேன்தான். ஆனாலும் இடது பக்கம் ஒரு ஏயில் அவர் நின்றார். திரும்ப வாசித்தார். "இது லேசா கமறுது."

எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை கேட்டது, ஒலி நிற்கும் நொடியில் பூச்சி இறக்கை அடிப்பதுபோல ஒரு சின்ன அதிர்வு.

சரி, திறந்துவிடலாம் என்று ஆறு திருகையும் கழற்றி அட்டையில் அதனதன் ஓட்டையில் குத்தினேன். முகப்பு, லீவர் பலகை, ரீட் பலகை என்று ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். ஏ ரீட்டின் சட்டத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் இம்மி அசைந்தது. ரீட் ஒவ்வொன்றும் மரத்தில் வெட்டிய சரிவான பள்ளத்தில் சறுக்கி உட்கார்ந்திருக்கும், பசையோ ஆணியோ கிடையாது. காற்றில் ஈரம் குறைந்தால் மரம் சுருங்கி அது தளரும், ஈரம் கூடினால் மரம் ஊதிச் சட்டத்தை நெருக்கி நாக்கையே பேசவிடாமல் பிடித்துவிடும். முந்தின இரண்டு வாரம் வறண்ட காற்று. மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைப் பள்ளத்தின் பக்கவாட்டில் கொடுத்துச் சட்டத்தை உள்ளே தள்ளினேன், பிசிறிய நுனியைக் கத்தியால் வெட்டினார் அவர். யாருடைய கருவி என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

வலது பக்கத்தையும் திறந்தேன். அந்த டி ஷார்ப்பை நானே வெளியே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "ஐயா, இதை நான் தப்பாக ராவிட்டேன். ஈ ஃப்ளாட்டோடு சேர்க்கப் போனேன், பாதியில்தான் புரிந்தது. திரும்ப இறக்கியிருக்கிறேன், ஆனால் இரண்டு முனையிலும் உலோகம் போயிருக்கிறது." உருப்பெருக்கியைக் கேட்டு வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தார். நான் நோட்டை அவர் முன்னால் வைத்தேன்: 96 வரி, எடுத்தபோது இருந்த சுருதி, கொடுக்கும்போது இருக்கும் சுருதி, இடையில் என்ன செய்தேன். அவர் முதலில் பார்த்தது டி ஷார்ப், ஈ ஃப்ளாட் வரிகளைத்தான். விரலால் ஒவ்வொரு ஸ்தாயியாகத் தடவிக்கொண்டே போனார்.

"அப்போ மத்தது எல்லாம் அப்படியே இருக்கா?"

"அப்படியே இருக்கிறது."

"நான் இதுவரைக்கும் பார்த்தது எல்லாமே சம சுருதிக்கு ராவினதுதான். தேடிக்கிட்டே இருந்தேன்."

ரீட்டை என்னிடம் தராமல் அவரே பள்ளத்தில் செருகினார், கட்டைவிரலால் ஒரே அழுத்து, கச்சிதமாக உட்கார்ந்தது.

விலையைப் பற்றி: நான் மனதில் வைத்திருந்ததிலிருந்து அந்த ரீட்டுக்காகக் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். வேண்டாம் என்று அவர் மறுக்கவில்லை, சரி என்றார், அதுதான் முறை என்று எனக்கும் பட்டது. பதிலுக்கு அவர் இரண்டு கேட்டார். கழற்றிய பழைய வால்வு, பேட், ஒடிந்த ஸ்பிரிங் எல்லாம் உறையோடு வேண்டும். நோட்டும் வேண்டும், நகல் இல்லை, அசல். நோட்டைக் கொடுக்க எனக்கு மனசே இல்லை. அதில் கருவியைப் பற்றி மட்டும் இல்லை, நடுராத்திரியில் எழுதிய குறிப்புகள், கோபத்தில் அடித்த கோடுகள், பேரேட்டுப் பக்கத்தைப் பார்த்த அன்று எழுதிய நாலு வரி எல்லாம் இருக்கிறது. ஆனால் அவர் சொன்னதும் நியாயம், இந்த நோட்டு கருவியோடு இருக்க வேண்டியது, எனக்குப் பிறகும் அவருக்குப் பிறகும் திறக்கப் போகிறவருக்கு அது வேண்டும். படமெடுத்துக்கொண்டு அசலைக் கொடுத்தேன்.

440க்கு இறக்கும் பேச்சே எழவில்லை. அவரிடம் 440இல் இன்னொன்று இருக்கிறது, இது தனியாக வாசிக்க.

கட்டி அனுப்புவதில் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. துருத்தியை நன்றாக மூடி, திறந்துகொள்ளாதபடி இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, வாசிக்கும்போது இருக்கும் நிலையிலேயே, அதாவது பொத்தான் முகங்கள் இடமும் வலமுமாக இருக்கும்படி பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஒரு முகத்தின் மேல் நிறுத்தி வைத்தால் பாதி வால்வுகள் தன் எடையிலேயே தொங்கித் தொங்கிச் சுருண்டுவிடும். பழைய பெட்டியை நிற்க வைக்கும்படிதான் யாரோ செய்திருந்தார்கள், அதனால் உள்ளே புதிதாக ஃபெல்ட் தாங்கிகள் ஒட்டிக் கொடுத்தேன். பேரேட்டுப் பக்கத்தின் படத்தையும் மடித்து மூடிக்குள் செருகினேன்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். நலம் விசாரிக்கவே இல்லை, எடுத்த எடுப்பில் "கேளுங்க" என்று சொல்லிவிட்டு தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு ஈ, ஜி ஷார்ப், பி மூன்றையும் சேர்த்துப் பிடித்தார். தொலைபேசியின் ஓட்டை ஒலியிலும் அது அசையாமல் நின்றது. பிறகு பி, டி ஷார்ப், எஃப் ஷார்ப். இழுக்கும்போது சுத்தம், தள்ளும்போது மிக மெல்ல ஒரு அலை.

"அந்த ரீட்தான். மூணு செண்ட் ஏறியிருக்கு."

அரம் பட்ட நாக்கு அடங்கி உட்காரச் சில வாரம் எடுக்கும், இது எதிர்பார்த்ததுதான் என்றேன். நான் வந்து சரி பண்ணட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை, மறுபடி அதே மூன்று சுரத்தையும் தள்ளி வாசிப்பது கேட்டது.

"வேண்டாம் தம்பி, இப்போதைக்கு யாரும் அதைத் தொட வேண்டாம். நோட்டில் மட்டும் எழுதி வைக்கிறேன். தேதி போட்டு."